தைராய்டு என்று சொன்னேன்

சவூதியின் ஜித்தா நகரில், ஷரஃபியா பகுதியில், எனக்கு ஒரு கடை இருந்தது. ஊருக்குப் போகிறவர்கள் வாங்குகிற பெட்டி, கம்பளி, அத்தர், கைக்கடிகாரம் எல்லாம் விற்கிற கடை. பின்தெருவில் மூன்றாம் மாடியில் வீடு. நான், என் மனைவி நஜீஹா, மகள் ஜொஹரா, மூன்று பேர். சொந்த ஊர் காயல்பட்டினம். 2008இல் அந்த வீட்டில் நடந்ததைத் துண்டு துண்டாகச் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். எனக்குச் சாதகமான துண்டுகளை மட்டும். இப்போது முழுதாகச் சொல்லப் பார்க்கிறேன்.

நஜீஹாவுக்கு நோய் தொடங்கி அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. இரண்டாவது பிள்ளை ஏழாம் மாதத்தில் தங்காமல் போனதுதான் காரணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "அதுக்கு முன்னாடியே ஈந்திச்சு மச்சான்" என்றாள் ஒரு தடவை. முன்பே இருந்ததாம். அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

காலையில் எழும்ப மாட்டாள். எழும்பினால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கடைக்குப் போய், மதிய லுஹர் தொழுகைக்குக் கடையைச் சாத்திவிட்டு வரும்போதும் அதே இடத்தில், அதே உடுப்பில் இருப்பாள். தலை சீவ மாட்டாள். சாப்பாட்டை வாயில் வைத்துக்கொண்டு மெல்ல மறந்துபோவாள். அழுதால்கூட எனக்குப் புரிந்திருக்கும். அழுகையும் இல்லை.

ஊர்க்காரப் பெண்கள் பார்க்க வந்தார்கள். என்ன நோய் என்று கேட்டார்கள். "தைராய்டு" என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்த சொல் அதுதான். தைராய்டு என்றால் யாரும் மேற்கொண்டு துருவுவதில்லை. உடம்பு கனக்கும், சோர்வு வரும், மாத்திரை சாப்பிட்டால் சரியாகும். கௌரவமான நோய். ஜொஹராவுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தேன். பதினொரு வயதுப் பிள்ளை, போனை எடுத்து, "உம்மா தூங்குறாங்க ஆன்ட்டி, தைராய்டு டேப்ளட் போட்டா தூக்கம் வரும்" என்று தடுமாறாமல் சொல்வாள். முதல் தடவை கேட்டபோது கெட்டிக்காரி என்று நினைத்தேன்.

நான் வைத்தியம் பார்க்காமல் இல்லை. ஓதிப் பார்த்தோம். பிறகு நகரின் மறுகோடியில், நம் ஆட்கள் அதிகம் வராத ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் காட்டினேன். டாக்டர் தாரிக் எகிப்துக்காரர். ஒரு மாத்திரை கொடுத்தார், கேட்கவில்லை. மாற்றினார், கேட்கவில்லை. அளவைக் கூட்டி, இன்னொன்றைச் சேர்த்து, இப்படியே நாலு மருந்து ஆகிவிட்டது. ஐந்தாவதாக என்ன என்று நான் கேட்டபோது அவர் கோப்பை மூடிவைத்தார்.

"ஒரு ஆய்வு நடத்துகிறோம். கெட்டமின் என்று ஒரு மருந்து. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்க நாற்பது வருஷமாக இருப்பதுதான். குறைந்த அளவில் நரம்பில் ஏற்றினால், எந்த மருந்துக்கும் மசியாத மனச்சோர்வு சில மணி நேரத்திலேயே குறைகிறது என்று அமெரிக்காவில் ஒரு சின்ன ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். எத்தனை நாள் நிற்கும், திரும்பத் திரும்பக் கொடுக்கலாமா என்றெல்லாம் இன்னும் யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இது."

ஆங்கிலத்தில்தான் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் நஜீஹாவைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

அந்த ஊரில் அப்போது பெண்ணுக்கு எது செய்வதானாலும் கணவனோ தகப்பனோ கையெழுத்துப் போட வேண்டும். பெண் கார் ஓட்ட முடியாது, தனியாக டாக்ஸி ஏறி அவ்வளவு தூரம் போக நம் பெண்கள் துணிய மாட்டார்கள். ஆக, அவள் அந்த ஆய்வுக்குப் போவதும் போகாததும் என் கையில் இருந்தது. அன்றைக்கு இது எனக்கு உறைக்கவில்லை. போட்டேன் கையெழுத்து.

ஆய்வு வேலைகளைக் கவனித்தது அகிலா என்ற நர்ஸ். நாகர்கோவில் பக்கம். தமிழ் கேட்டதும் நஜீஹாவின் முகம் லேசாகத் திரும்பியது. தமிழ் ஆள் என்றால் பேச்சு வெளியே போகுமே.

அகிலா படிவத்தைத் தமிழில் வாசித்துச் சொன்னாள். இரண்டு சனிக்கிழமைகள். ஒரு சனிக்கிழமை மருந்து, இன்னொன்றில் வெறும் உப்புத் தண்ணீர். எது எந்த நாள் என்று டாக்டருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. மருந்து பிடிக்கிறவர்களுக்கு அடுத்த கட்டமாக இரண்டு வாரத்தில் ஆறு தடவை ஏற்றுவார்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு கேள்விகள்.

"காலையில முழிக்கும்போது எப்படி இருக்கும்க்கா?"

"ஈரத் துணிய மேல போட்டு அமுக்குன மாதிரி."

"நாம இல்லாம இருந்தா நல்லதுன்னு தோணுமா?"

நஜீஹா கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு இல்ல. இவங்களுக்கு நல்லதுன்னு தோணும். இவங்களுக்கும் புள்ளைக்கும். தெனமும் தோணும்."

அதைக் கேட்டபோது எனக்கு என்ன தோன்றியது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன். அவள் கையைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. இந்த நர்ஸுக்கு ஷரஃபியாவில் யாரையாவது தெரியுமா என்றுதான் தோன்றியது. வெளியே வந்ததும் அதைத்தான் கேட்டேன். "நாங்க இங்க பேசுறது எதுவும் வெளிய போகாது சார்" என்றாள் அகிலா. கதவைச் சாத்திவிட்டு, "அக்கா சொன்னதக் கேட்டீங்கல்ல?" என்றாள். கேட்டேன் என்று தலையாட்டினேன்.

முதல் சனிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. நாற்பது நிமிஷம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. போனபடியே திரும்பி வந்தாள்.

இரண்டாவது சனிக்கிழமை ஏற்ற ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கட்டில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். "சுவரு தூரமாப் போவுது" என்றாள். அகிலா பக்கத்திலேயே உட்கார்ந்து, "திரும்ப வந்துரும்க்கா, நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். முடிந்த பிறகு இரண்டு மணி நேரம் படுக்க வைத்திருந்தார்கள். அதன்பின் என் கடை வேனில் ஏறி உட்கார்ந்தோம். டிரைவரை விட்டுவிட்டு நானேதான் ஓட்டிவந்திருந்தேன். முக்காடைச் சரிசெய்துகொண்டு, வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"பசிக்கிது மச்சான்."

மூன்று வருஷத்தில் அவளாகப் பசி என்று சொன்னதில்லை. வழியில் ஒரு ஓட்டலில் குடும்பத்தாருக்கான தடுப்புக்குள் உட்கார்ந்து அரைக்கோழியும் குப்பூஸ் ரொட்டியும் வாங்கினேன். அவள் சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். எலும்பைக்கூட விடவில்லை. "ஏன் இப்புடிப் பாக்குறீங்க?" என்று கேட்டு லேசாகச் சிரித்தாள். இன்னொரு ரொட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அந்த வாரம் என் வீட்டில் நஜீஹா இருந்தாள். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஜொஹராவுக்குத் தலை பின்னினாள். ஊருக்குப் போன் போட்டு அவள் உம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசினாள். ஜன்னல் திரையைக் கழற்றித் துவைத்தாள். ஞாயிறும் திங்களும் என்னோடு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த சனிக்கிழமை இரண்டாம் கட்டம் தொடங்கும் என்று அகிலா சொல்லியனுப்பினாள். நஜீஹா காலண்டரில் அந்தத் தேதியை ஜொஹராவின் பச்சைப் பேனாவால் வட்டமிட்டாள்.

எனக்கு வேறு யோசனை. என் மனைவி நன்றாக இருக்கிறாள் என்று ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு நாலைந்து குடும்பங்களைச் சாப்பிடக் கூப்பிட்டேன். நஜீஹா எங்கள் ஊர்க் கல்யாண விருந்தான களறிச் சாப்பாடு ஆக்கினாள். பெண்கள் உள்ளறையில் அவளைச் சூழ்ந்துகொண்டு, "தைராய்டு கொறஞ்சிருச்சா?" என்று கேட்பது என் காதில் விழுந்தது. அவள் என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை.

வந்தவர்களில் முக்கியமானவர் முகம்மது யூசுப் காக்கா. காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். ஜித்தாவில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவர்தான் மூத்தவர். அவருடைய மகனுக்கு நஜீஹாவின் தங்கையைக் கேட்டுப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாமனார் இல்லாத வீடு, மூத்த மருமகன் நான். அந்தச் சம்பந்தத்தை முடித்துக்கொடுத்தால் ஊரில் எனக்குப் பெரிய பேர்.

கை கழுவிவிட்டு வந்தவர் என்னைத் தனியே அழைத்தார். "அலாவுதீன், தப்பா எடுத்துக்காதே. போன வாரம் அந்த ஆஸ்பத்திரியில மூணாவது மாடியில ஒன்னப் பாத்ததா ஒருத்தர் சொன்னாரு. மூணாவது மாடியில அந்த மாதிரி டாக்டர்தானே ஈக்கிறாரு?"

அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது, பொய் வாயில் வந்துவிட்டது.

"நம்ம கடை டிரைவர் பாலகுரு ஈக்கிறான்ல காக்கா, அவனுக்குக் கொஞ்சம் மனசு சரியில்ல. பாசை தெரியாதவன், நாந்தான் கூடப் போய்ச் சொல்ல வேண்டியதாப் போச்சு."

"அப்புடியா? பாவம். வண்டி ஓட்டுறவன் வேற. பாத்துக்கோ" என்றார் யூசுப் காக்கா. என் தோளில் தட்டினார். ஒரு தொழிலாளிக்காக மெனக்கெட்ட முதலாளி ஆகிவிட்டேன்.

பாலகுரு சிவகங்கைக்காரன். நாற்பது வயதுக்குக் கிட்ட. ஆறு வருஷமாக என்னிடம் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் மனசில் எந்தக் கோளாறும் இல்லை.

அன்று எல்லோரும் போன பிறகு நான் முடிவு செய்தேன். இனி மூன்றாவது மாடிக்குப் போவதில்லை. அவள்தான் நன்றாகிவிட்டாளே. சம்பந்தம் முடியட்டும், பிறகு பார்க்கலாம். மருந்தின் வேலை எத்தனை நாள் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது என டாக்டர் சொன்னதை மறந்துவிட்டேன் என்று பல காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை.

சனிக்கிழமை காலை நஜீஹா குளித்து, அபாயா போட்டுக்கொண்டு தயாராக இருந்தாள்.

"அகிலா போன் பண்ணுச்சு. ஆய்வ நிறுத்திட்டாங்களாம். மேலேர்ந்து அனுமதி வரலியாம்" என்றேன்.

"நிறுத்திட்டாங்களா?"

"ஆமா."

அபாயாவின் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். "போன வாரம்கூட ஒண்ணும் சொல்லலியே அந்தப் புள்ள" என்றாள். அவ்வளவுதான். என்னைச் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் என் கைபேசி எண் மட்டும்தான் கொடுத்திருந்தேன். அகிலா மூன்று தடவை கூப்பிட்டாள். முதல் இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்து, அவசரமாக ஊருக்குப் போய்விட்டோம் என்றேன். "அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். "நல்லா ஈக்கிறா" என்று சொல்லி வைத்தேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை ஜொஹரா தலை பின்னாமல் பள்ளிக்கூடம் போனாள். அதற்கு இரண்டு நாள் கழித்து நஜீஹா சமைக்கவில்லை. நான் எதையும் பார்க்காதவன் மாதிரி ஓட்டலில் வாங்கிவந்தேன். ஒருநாள் மெதுவாகக் கேட்டாள். "வேற எங்கியாவது அந்த மருந்து ஏத்துவாங்களா மச்சான்?" விசாரிக்கிறேன் என்றேன். விசாரிக்கவில்லை. திரும்பவும் கட்டில் ஓரம், திரும்பவும் சுவர். இந்தத் தடவை முன்னைவிட மோசம். ஏனென்றால் வெளியே வர முடியும் என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

இதற்கிடையில் பாலகுரு ஒரு நாள் கடை சாத்துகிற நேரத்தில் வந்து நின்றான்.

"பாய், ஒரு விசயம். நான் பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்குறேன்னு எவனோ கெளப்பி விட்டுருக்கான். ரூம்ல என்னையச் சமையல் முறையில இருந்து எடுத்துட்டாங்ய. எங் கையில கத்தியக் குடுக்கக்கூடாதாம்." சிரிக்க முயற்சி செய்தான். "பக்கத்துக் கட்டில்காரன் எடத்த மாத்திப் படுத்துக்கிட்டான். எவன் சொன்னான்னே தெரியல பாய்."

பெட்டிகளை அடுக்குகிற சாக்கில் அவனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன்.

"விடு பாலகுரு. நாலு நாள் பேசுவாங்க, அப்புறம் மறந்துருவாங்க."

"சரி பாய்" என்று போய்விட்டான்.

மே மாதம் சரக்கு எடுக்க ரியாத் போனேன். இரண்டு நாள் வேலை. போகும்போது நஜீஹா படுத்திருந்தாள், கண் திறந்திருந்தது. போய்வருகிறேன் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினேன்.

இரண்டாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஜொஹரா, உம்மாவைக் குளியலறைத் தரையில் பார்த்திருக்கிறாள். காலையிலிருந்து அங்கேயே நனைந்த துணியோடு உட்கார்ந்திருக்கிறாள். காயம் எதுவும் இல்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. இரண்டு நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று பிறகு டாக்டர் சொன்னார். பிள்ளை என்னை அழைத்திருக்கிறாள். நான் ஒரு கிடங்கில் விலை பேசிக்கொண்டிருந்தேன், போனைச் சத்தமில்லாமல் போட்டிருந்தேன். அதன்பின் கடைக்குப் போன் போட்டிருக்கிறாள். பாலகுரு எடுத்தான்.

அவன் வேனைக் கொண்டுவந்தான். பக்கத்து வீட்டு சிரியாக்காரப் பெண்ணைத் துணைக்குக் கூப்பிட்டு, அவளும் ஜொஹராவுமாக நஜீஹாவுக்கு வேறு துணி மாற்றிவிட, ஜொஹரா சொன்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். மூன்றாவது மாடி. அங்கே அகிலா.

நான் செய்தி தெரிந்து விமானம் பிடித்து, இரவு எட்டு மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தேன். விமான நிலையத்தில் இறங்கியதும் ஜொஹரா போனில் பேசினாள். கோபம் வந்தால் அவளுக்கு ஆங்கிலம்தான் வரும். அகிலா ஆன்ட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள் என்றாள். ஆய்வு நிற்கவேயில்லை, நாம் ஊருக்குப் போய்விட்டோம் என்று நீங்கள் சொன்னீர்களாம், உம்மாவும் இதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார்கள் என்றாள். பிறகு தமிழில் ஒரு வார்த்தை: "ஏன் வாப்பா?"

போனை வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பாலகுரு சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வேன் சாவியை நீட்டினான்.

"அக்காவுக்குக் குளுக்கோஸ் ஏறுது. கண்ணு தொறந்துட்டாங்க. பாப்பா உள்ள இருக்கு."

சாவியை வாங்கிக்கொண்டேன். போகாமல் நின்றான். மூன்றாவது மாடி என்பதை அவன் பார்த்துவிட்டான். கதவில் எழுதியிருந்ததையும் பார்த்திருப்பான். கூட்டிக் கழித்துப் பார்க்க அவனுக்கு அரை நாள் இருந்தது.

"பாய், எம் பேரச் சொன்னது நீங்கதானா?"

"ஆமா."

கையை ஓங்குவான் என்றுகூட எதிர்பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் பாய். அக்காவுக்காகன்னு சொல்லிருந்தா நானே ஆமான்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். யாருன்னே தெரியாம ரூம்ல ஒவ்வொருத்தன் மூஞ்சியாப் பாத்துக்கிட்டு இருந்தேன் இத்தன நாளு."

படியில் இறங்கிப் போய்விட்டான். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை.

உள்ளே நஜீஹா படுத்திருந்தாள். ஜொஹரா என்னைப் பார்த்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து, மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். நஜீஹா முந்திக்கொண்டாள். குரல் காய்ந்திருந்தது.

"நான் செத்துப்போயிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க மச்சான்? அதுக்கும் தைராய்டா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் யோசித்தேன். ஆம், அதைத்தான் சொல்லியிருப்பேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டர் தாரிக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதினொரு பேர் இருந்தார்கள். இப்போது பத்துப் பேர். விதிப்படி இவரைத் திரும்பச் சேர்க்க முடியாது. ஆய்வைக் கண்காணிக்கும் குழுவிடம் கேட்டுப் பார்க்கிறேன்."

"அந்த ஆறு தடவையும் ஏத்தியிருந்தா இவளுக்குக் குணமாகியிருக்குமா டாக்டர்?"

"தெரியாது" என்றார். "எனக்குத் தெரியாததால்தான் இந்த ஆய்வை நடத்துகிறேன். உங்கள் மனைவியிடமிருந்து நான் அதைத் தெரிந்துகொண்டிருக்க முடியும். அவரும்."

குழு அனுமதி தரவில்லை. ஆய்வுக்கு வெளியே அந்த மருந்தை இந்த நோய்க்குக் கொடுக்கவும் அப்போது வழியில்லை. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, ஊருக்குக் கூட்டிப்போய்த் தலைக்கு மின்சாரம் வைக்கும் சிகிச்சையைச் செய்யச் சொன்னார் டாக்டர் தாரிக். மதுரையில் எந்த டாக்டரைப் பார்ப்பது என்பதையும் அகிலா விசாரித்து எழுதிக்கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் கொடுத்தாள்.

ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. மாதாமாதம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்க்காரர்கள் கூடுவோம். அந்தக் கூட்டத்துக்குப் பாலகுருவை வரச் சொன்னேன். "எதுக்கு பாய், வேணாம்" என்றான். கட்டாயப்படுத்தினேன். அதுவும் தப்புத்தான் என்று இப்போது படுகிறது. என் பாரத்தை இறக்க அவனை இன்னொரு தடவை எல்லோர் முன்னாலும் நிறுத்தினேன்.

எழுந்து நின்றேன். "என் மனைவிக்குத் தைராய்டு இல்ல. மனச்சோர்வு நோய். மூணு வருஷமா. அந்த டாக்டர்ட்ட போனது நாங்கதான். பாலகுருவுக்கு எந்த நோயும் இல்ல. நான் சொன்னது பொய்" என்றேன். இன்னும் ஏதேதோ சொல்ல நினைத்திருந்தேன். வரவில்லை.

யாரோ ஒருவர் தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்த சத்தம் கேட்டது. யூசுப் காக்கா, "அல்லாஹ் ஷிஃபா தந்து சொகமாக்கட்டும்" என்றார். பிறகு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். பத்து நாளில் ஊரிலிருந்து போன் வந்தது. பையன் இப்போது கல்யாணம் வேண்டாம் என்கிறானாம். என் மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார், சம்பந்தம் போனதற்காக அல்ல. மகள் நஜீஹாவுக்கு நான் செய்ததற்காக.

பாலகுரு ரூமில் கத்தி திரும்ப அவன் கைக்கு வந்தது. ஆனால் நாங்கள் ஊருக்குக் கிளம்பும் முன்பே வேறு கம்பெனிக்கு மாறிப் போய்விட்டான். அதற்கான தாளில் கையெழுத்துக் கேட்டு வந்தபோது உட்காரச் சொன்னேன். நின்றபடியே வாங்கிக்கொண்டு போனான்.

நஜீஹாவுக்கு மதுரையில் சிகிச்சை நடந்தது. பத்துத் தடவை. சில விஷயங்கள் மறந்துபோயின, சில திரும்பி வந்தன. அந்த ஒரு வாரத்தில் இருந்த மாதிரி சட்டென்று அவள் திரும்பி வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, ஏறுவதும் சறுக்குவதுமாக, ஒன்றரை வருஷம் ஆயிற்று. நான் கடையை ஒரு பங்காளியிடம் விட்டுவிட்டு ஊரிலேயே இருந்தேன். என்ன நோய் என்று கேட்கிறவர்களுக்கு அதன் பேரைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் வாயில் முதலில் வந்து நின்றது அந்தப் பழைய சொல்தான். விழுங்கிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னேன்.

2009 கடைசியில் அகிலாவிடமிருந்து ஜொஹராவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆய்வின் முடிவு ஒரு பத்திரிகையில் வந்திருந்தது, அதை இணைத்திருந்தாள். ஊர் வீட்டுக் கூடத்தில் ஜொஹரா கணினியின் முன் உட்கார்ந்து, வாசித்து வாசித்து எங்களுக்குத் தமிழில் சொன்னாள். நஜீஹா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இதுல ஒரு வரி இருக்கு," என்று நிறுத்தினாள் ஜொஹரா. "பதினொரு பேர்ல ஒருத்தங்க, முதல் கட்டத்துல நல்ல மாற்றம் தெரிஞ்சும், குடும்பத்தாரோட முடிவால விலகிட்டாங்க."

என் பேர் அதில் இல்லை. இருந்திருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது. குடும்பத்தாரோட முடிவு. நான் எழுந்து போகப் பார்த்தேன். நஜீஹா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இருங்க" என்றாள். உட்கார்ந்தேன்.

"மத்த பத்துப் பேருக்கும் என்னாச்சுன்னு படி" என்றாள் மகளிடம்.

ஜொஹரா தேடிப் படித்தாள். பத்தில் ஏழு பேருக்கு நன்றாகக் கேட்டிருந்தது. அந்த ஏழு பேரில் ஐந்து பேருக்கு ஒரு மாதத்துக்குள் நோய் திரும்பியிருந்தது. இரண்டு பேர் மூன்று மாதம் கழித்தும் நன்றாக இருந்தார்கள்.

"ரெண்டு பேரு" என்றாள் நஜீஹா. கையில் இருந்த தண்டை ஒடித்தாள். "பொம்பளைங்களா?"

"அது போடல உம்மா."

"சரி. நல்லா இருக்கட்டும்."

கீரையை அலசக் கிணற்றடிக்கு எழுந்து போனாள். நான் அந்தத் திரையைப் பார்த்தபடியே இருந்தேன். எனக்கு அவ்வளவு ஆங்கிலம் வாசிக்க வராது. குடும்பத்தாரின் முடிவு என்ற அந்த வரி எங்கே இருக்கிறது என்று ஜொஹரா விரல் வைத்துக் காட்டினாள்.